நாலாவது கம்பத்துக்கு இந்தப் பக்கம்

நெடுங்கரை காகித ஆலையில், பின்லாந்திலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்ட மூன்றாம் எந்திரம் முதன்முதலாக ஓடத் தொடங்கிய ஆனி மாதத்து வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த நடேசன் வீட்டுப் பந்தலில், அவருடைய அக்காள் மகன் தேவசிகாமணி எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, தன் வாழ்நாளில் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னான்.

"என் செர்க்கு" என்றான்.

அவன் சொல்ல வந்தது 'என் மாமன் மகள்' என்பது. நெடுங்கரையிலும் சுற்றியுள்ள நான்கு ஊர்களிலும் ஒரு பெண்ணை வெளியே கொடுப்பதானால், தட்டு மாற்றுவதற்கு முன் அவளுடைய அத்தை மகன் சபையில் எழுந்து இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'என் மாமன் மகளை விட்டேன்' என்று சொன்னால் வெற்றிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், நிச்சயம் நடக்கும். 'என் மாமன் மகள், எனக்கு முறை' என்று சொன்னால் வந்த மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போக வேண்டும், அவனைப் பெற்றவள் உரிமைத் தட்டை எடுத்துப் பெண்ணின் தாயை மடி நீட்டச் சொல்லி அதில் வைப்பாள், அத்துடன் முடிந்தது. பெண்ணைக் கேட்பது வழக்கத்தில் இல்லை.

தேவசிகாமணி எதைச் சொல்லப் போகிறான் என்பது பந்தலில் இருந்த நூற்றிருபது பேருக்கும் தெரியும். பெண்ணுக்கும் தெரியும். நடேசன் மகள் தமயந்தி ஆலையின் காகிதக் கூழ் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், இருபத்தைந்து வயது, துறையூர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஆசிரியர் இளம்பரிதியைத் தானே பேசி, தானே முடித்து, வீட்டில் ஒரு மாதம் பட்டினி கிடந்து சம்மதம் வாங்கியவள். கதவோரம் நின்று தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, வாயில வெத்தலையா?" என்றார் சபைப் பெரியவர் வைத்தியலிங்கம். "துப்பிட்டு வந்து சொல்லு."

தேவசிகாமணி துப்பிவிட்டு வந்தான். இரண்டாம் முறையும் செர்க்கு என்றான். மூன்றாம் முறை நெற்றி நரம்பு புடைக்கச் சொன்னபோதும் அதுவேதான் வந்தது. பொறுக்காமல் அவனைப் பெற்ற செண்பகவல்லி தட்டோடு எழுந்து, "டேய் பொய்கா, ஒழுங்காச் சொல்லுடா!" என்றாள், சொல்லிவிட்டு, மகனே என்று கூப்பிட நினைத்த தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "நீ உட்காரு சிஸ்கோ" என்று தமக்கையை அமர்த்தப் போன நடேசன், மேலே பல்லி விழுந்தவர் போல உதறினார். அதன் பிறகு பந்தலில் யாரும் யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை.

வைத்தியலிங்கம் வெகுநேரம் யோசித்தார். சொல் விழாமல் உரிமை இல்லை; சொல் விழாமல் விடுதலையும் இல்லை. "பொண்ணு அவனுக்கும் இல்ல, இவங்களுக்கும் இல்ல. சபை கலையுது" என்றார். இளம்பரிதி வீட்டார் பழத்தட்டுகளை அங்கேயே வைத்துவிட்டு, தை வரை பார்ப்போம் என்று கூறிப் போனார்கள்.

அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. அப்பா இசா ஆனார். அம்மா ஐத்தி ஆனாள். அண்ணனும் தம்பியும் ஒரே வெலி ஆனார்கள். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே செதா ஆனதில் பெரியப்பாக்களுக்கு வருத்தம், அந்தச் சொல் காதில் விழுந்த விதத்தில் இரு சாராருக்கும் கோபம். தாய்மாமன்கள் மட்டும் எனோ என்ற தனிச் சொல்லோடு தப்பித்து, காதுகுத்து வீடுகளில் முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்லில் கால் இடித்தால் பழையபடி அம்மா என்றே வந்தது; பெற்றவளைக் கூப்பிட்டால்தான் ஐத்தி. டீக்கடைக்காரரை அண்ணே என்றால் அண்ணேதான். கூடப் பிறந்தவனைக் கூப்பிட்டால்தான் வெலி. உறவு உண்மையாக இருந்த இடத்தில் மட்டுமே சொல் மாறியது என்பதை ஊர் மூன்றாம் நாள் கண்டுகொண்டது. மேலத்தெருவில் ஒரு வீட்டில் இருபது வருடமாக ஒன்றுவிட்ட அண்ணன் என்று வந்துபோன ஒருவர், எத்தனை முறை கூப்பிட்டும் அண்ணனாகவே இருந்தார், மாறவில்லை. அன்று மாலை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

எழுதினாலும் அப்படியே வந்தது. கிராம நிர்வாக அலுவலர் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிய அறிக்கை தாலுகா அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது; மூன்றாம் முறை பெயர்களை மட்டும் எழுதி, இடையில் கோடு போட்டு அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். அச்சகத்தார் திருமண அழைப்பிதழ்களில் 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே வெறும் பெயர்களை அடுக்கினார்கள், பெயர் விட்டுப்போனவர்களின் சண்டை வழக்கம் போலவே நடந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி, 'தாயே' என்று வாய் திறந்தால் ஐத்தி என்று வருகிறது, இது தகுமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார். அம்மனுக்கு அது புரியுமா என்று ஒருவர் சந்தேகப்பட, அது புரியாத அம்மனுக்கு நாம் ஏன் கூழ் ஊற்ற வேண்டும் என்று இன்னொருவர் கேட்க, விவாதம் முடிந்தது. ஆடிக்குள் பழகிவிட்டார்கள்.

சொற்கள் எந்த ஊருடையவை என்பதைச் சொன்னவர் ரைமோ. எந்திரத்தை நிறுவிக் கொடுத்துவிட்டு மூன்று வாரத்தில் திரும்புவதாக வந்த பின்லாந்துக்காரர், அறுபது வயது, அதிகம் பேசமாட்டார். கேன்டீனில் சமைக்கும் மரியபுஷ்பம் தன் தங்கை புருஷனைப் பார்த்து, "லங்கோ, சாம்பார் வாளியை எடு" என்றபோது அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு ஒரு காகித மாதிரியின் பின்பக்கம் இருபத்து மூன்று சொற்களை ஆங்கிலப் பொருளோடு எழுதித் தமயந்தியிடம் கொடுத்தார். அவள் நகலெடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினாள்.

எப்படி வந்தன என்று அவள் கேட்டதற்கு அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவருடைய ஊரில் ஆலையை மூடியதும் எல்லாக் குடும்பங்களும் வெளியேறின. எந்திரத்துக்கு எண்ணெய் போட அவரை மட்டும் வைத்திருந்தார்கள், பதினொரு வருடம். அந்தச் சொற்களைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு ஆளில்லை. எந்திரத்தின் பக்கத்தில் நின்று சில நாள் சும்மா சொல்லிப் பார்ப்பாராம். ஊர் இதற்கு மேல் காரணம் தேடவில்லை. ரைமோவும் மூன்று வாரத்தில் திரும்பவில்லை; மாலை வேளைகளில் பஸ் நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஜனங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியலில் செர்க்கு என்பதற்கு எதிரே அவர் எழுதியிருந்ததைத் தமயந்தி பல முறை படித்தாள். அத்தை மகன், மாமன் மகள், சித்தி மகன், பெரியப்பா மகள், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. கட்டிக்கொள்ளலாம் என்றும் அதில் இல்லை, கூடாது என்றும் இல்லை.

செண்பகவல்லி ஆடி முதல் வெள்ளியன்று நடேசன் வீட்டுக்குச் சண்டைக்கு வந்தாள். நடேசனின் மனைவி கமலவேணி, தமயந்தியைப் பெற்றவள், வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருடமாகக் கமலவேணி அவளை அண்ணி என்பாள், தலையைக் குனிந்துதான் சொல்வாள். அவள் இவளை 'ஏ தம்பி பொண்டாட்டி' என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதையாகிவிடும் என்பது போல.

"ஏ கேலு! என் பையன் வாயை எந்த மந்திரவாதிகிட்டடி கட்டுன?" என்றாள் செண்பகவல்லி. மகனைச் சொல்ல வந்த இடத்தில் பட்டியலில் இல்லாத 'பையன்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்திருந்தாள். ஊரில் எல்லோரும் இப்படி ஓட்டைகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

"நான் யாருகிட்டயும் போகல கேலு" என்றாள் கமலவேணி.

இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னடி, நான் உன்னைக் கூப்பிட்டதை எனக்கே திருப்பித் தர்ற?"

"எனக்கும் அதேதான் வருது. நான் வேணும்னா சொல்றேன்?"

"இன்னொரு தடவை சொல்லு."

"கேலு."

செண்பகவல்லிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது இருவருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சண்டையை அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைத்துவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளி வந்து திட்டினாள், பிறகு சலித்த மாவில் கப்பி நிற்கிறது என்று சல்லடையைப் பிடுங்கித் தானே சலித்தாள். அதற்கடுத்த வெள்ளி திட்டுவதற்கு மறந்துபோனாள். கார்த்திகைக்குள், எதற்கு வருகிறாள் என்று இருவரும் கேட்பதில்லை. ஆனால் மகனுடைய உரிமையை விடச் சொல்லிக் கமலவேணி கேட்கவும் இல்லை, விடுகிறேன் என்று அவள் சொல்லவும் இல்லை. உரிமைத் தட்டு அவள் வீட்டுப் பீரோ மேலே, மஞ்சள் துணி மூடி, அப்படியே இருந்தது.

தேவசிகாமணி கெட்டவன் இல்லை. கரும்புச் சக்கை ஏற்றும் லாரிகளை ஆலைக்குள் ஒழுங்குபடுத்தி விடும் மேற்பார்வையாளன். ஒருநாள் மதியம் ஆலை வாசலில் தமயந்தியை நிறுத்தினான்.

"உனக்கு என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? சைக்கிள் கத்துக்குடுத்ததே நீதானே."

"அப்புறம்?"

"சைக்கிள் கத்துக்குடுத்தவனையெல்லாம் கட்டிக்க முடியுமா?"

அவன் சிரிக்கவில்லை. "நீ பொறந்த அன்னிக்கு எனக்குப் பதினோரு வயசு. ஆஸ்பத்திரி வாசல்ல என் கையில உன்னைக் குடுத்து, இது உன்னோடதுன்னு சொன்னாங்க. முப்பத்தாறு வயசாச்சு. வந்த வரனெல்லாம், அவனுக்குத்தான் அங்க இருக்கேன்னு திரும்பிப் போச்சு. இப்ப அதை எடுத்துட்டா நான் யாரு?"

"செர்க்கு."

"அதுக்கு என்ன உரிமை?"

"கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில சாப்பிடலாம்" என்றாள் தமயந்தி. சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது. அவன் முகம் இறுகியதை அவள் பார்த்தாள்.

அவனுக்கு வழி கிடைத்தது பஸ்ஸில். நெடுங்கரைக்குத் தெற்கே கொள்ளிடம், அதன் மேல் நீளமான பாலம், அக்கரையில் மணத்திட்டு. பாலத்தின் நாலாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் பழைய சொற்கள் வாய்க்குத் திரும்பிவிடும் என்பது கண்டக்டர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். ஆலைச் சங்கின் ஓசை அதுவரைதான் எட்டும். 'ஐத்தி, எனக்கு ஜன்னல் சீட்டு' என்று அழத் தொடங்கும் குழந்தை நாலாவது கம்பத்தில் 'அம்மா' என்று மாறி அழும். வேன் மோதி மகனைப் பறிகொடுத்த கீழத்தெரு அஞ்சலை, ஒப்பாரி வைக்கத் தினமும் காலை பஸ்ஸில் அக்கரை போய், மணலில் உட்கார்ந்து, மகனே மகனே என்று வாய்விட்டு அழுதுவிட்டுப் பதினொரு மணி வண்டியில் திரும்பி வந்தாள். கண்டக்டர்கள் அவளை எழுப்பி ஏற்றிவிடுவார்கள். சொத்துச் சண்டைக்காரர்களும் அக்கரைக்குத்தான் போனார்கள், அண்ணன் என்று சொல்லித் திட்டினால்தான் அண்ணனுக்கு வலிக்கும் என்பதால்.

பொங்கல் முடிந்ததும் தேவசிகாமணி பெரியவரிடம் போனான். சபை இன்ன இடத்தில்தான் கூட வேண்டும் என்று விதி உண்டா என்று கேட்டான். வைத்தியலிங்கம் இல்லை என்றார். தை பத்தாம் தேதி, பகல் மூன்று மணிக்கு, மணத்திட்டு மணலில் சபை என்று ஊரில் சொல்லியாயிற்று.

தமயந்தி ஒன்பதாம் தேதி கொதிகலன் பகுதிக்குப் போய்ச் சங்கு ஊதும் கருணாநிதியைக் கேட்டாள். "நாளைக்கு மூணு மணிக்குக் கொஞ்சம் கூட நேரம் ஊத முடியுமா?"

"எம்புட்டு நேரம் ஊதினாலும் ஆத்தைத் தாண்டாதும்மா. வடக்கேயிருந்து காத்து அடிச்சா ஒருவேளை அக்கரைக்குப் போகும். தை மாசம்தானே, அடிச்சாலும் அடிக்கும்." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஊதுறேன்" என்றார்.

பத்தாம் தேதி காலை முழுவதும் வடக்குக் காற்று அடித்தது. ஆலைப் புகை ஆற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. தமயந்தி பத்து தடவை வெளியே வந்து புகையைப் பார்த்தாள். இரண்டு மணிக்குப் புகை நிமிர்ந்தது. ஊரார் திருவிழாவுக்குப் போவது போலப் பாலத்தைக் கடந்தபோது அது கயிறு போலச் செங்குத்தாக நின்றது.

மணலில் துணி விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஏழு மாதத்துக்குப் பிறகு அப்பா, சித்தி, அண்ணி, கொழுந்தன் என்று எல்லாச் சொற்களும் ஒரே நேரத்தில் வாய்களுக்குத் திரும்பியதால் முதல் கால் மணி நேரம் யாரும் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. கூப்பிட வேண்டிய தேவை இல்லாதவர்களும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் கையைத் தட்டினார். இளம்பரிதி ஆண்கள் வரிசையின் கடைசியில் தன் தகப்பனாரோடு உட்கார்ந்து மணலைக் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு ஆலையில் கருணாநிதி சங்கு ஊதியிருக்க வேண்டும். இங்கே எதுவும் கேட்கவில்லை.

தேவசிகாமணி எழுந்தான். வாயில் வெற்றிலை இல்லை.

"என் மாமன் மகள்" என்றான். சொல் முழுசாக, சுத்தமாக வந்தது. அவனே ஒரு கணம் அதைக் கேட்டு நின்றான். "எனக்கு முறை."

நடேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தமயந்தி தன் தாயின் தோளைப் பிடித்தாள். பிடி இறுகியதில் கமலவேணியின் ரவிக்கை தையல் விட்டது. இளம்பரிதியின் தகப்பனார் செருப்பைத் தேடினார்.

"சொல் விழுந்தது" என்றார் வைத்தியலிங்கம். "தட்டைக் கொண்டா செண்பகம்."

செண்பகவல்லி மஞ்சள் துணியை எடுத்துவிட்டு, தேங்காயும் சேலையும் பூவும் இருந்த தட்டோடு மணலில் நடந்து வந்தாள். பத்துப் பதினைந்து அடிதான், மணல் உள்வாங்கியதால் நேரமாயிற்று. கமலவேணியின் எதிரே நின்றாள். தம்பி பொண்டாட்டி, மடியை நீட்டு என்று சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக அதே நாலு சொற்கள். கமலவேணி முந்தானையைப் பிரித்துக் கையில் பிடித்திருந்தாள். தலை குனிந்திருந்தது, இருபத்தேழு வருடம் குனிந்த அதே அளவுக்கு.

"அண்ணி" என்றாள் கமலவேணி, தரையைப் பார்த்து, மிகவும் மெதுவாக.

செண்பகவல்லி அந்தச் சொல்லைக் கேட்டாள். தட்டு கொஞ்சம் சாய்ந்து, தேங்காய் உருண்டு விளிம்பில் இடித்து நின்றது.

"சொல்லும்மா" என்றான் தேவசிகாமணி.

"பேசாம இருடா." அவள் திரும்பவில்லை. "என்னைக் கேட்டப்ப எங்கம்மா இப்படித்தான் மடியை விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவளை எந்திரின்னு சொல்ல அங்க ஒரு ஆள் இல்ல."

எந்திரத்தின் ஓசை இல்லாத, சங்கு எட்டாத, எந்தச் சொல்லும் யாரையும் கட்டாயப்படுத்தாத அந்தக் கரையில், செண்பகவல்லி தன் சொந்த வாயால், மெனக்கெட்டு, நாக்கை அதற்கு வளைத்துச் சொன்னாள்.

"கேலு. எந்திரி. மடியைச் சொருகிக்க. நாலு மணி வண்டி போயிரும்."

தட்டை மணலில் வைத்தாள். கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். கை நீட்டினாள். செண்பகவல்லி பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"தட்டு மடியேறல" என்றார் வைத்தியலிங்கம், யாரையும் பார்க்காமல். "அப்படின்னா உரிமையும் ஏறல."

பெண்கள் மூவரும் வண்டிக்குக் காத்திராமல் பாலத்தில் ஏறி நடந்தார்கள். மற்றவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தார்கள். இளம்பரிதி தகப்பனாரின் கையைப் பிடித்து நிறுத்தி, இப்போது எதுவும் பேச வேண்டாம் என்றான். எல்லோருக்கும் கடைசியாகத் தேவசிகாமணி, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான், அதைப் போட்டுவிட்டு வரவும் அவனுக்கு மனமில்லை.

நாலாவது கம்பத்துக்கு வந்ததும் நின்றான். இன்னும் ஓர் அடி வைத்தால் அந்தச் சொல் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். தமயந்தி கம்பத்தைத் தாண்டிப் பத்தடி போயிருந்தாள்.

"மாமன் மகளே" என்று கூப்பிட்டான், கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று. பாலத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

தமயந்தி திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். ஆலை வாசலில் பேசிய குரலில் பேசவில்லை.

"என்ன செர்க்கு?" என்றாள். "தட்டு கனக்குதா? ஒரு பக்கம் நான் பிடிக்கவா?"

பின்னாலிருந்து நாலு மணி வண்டி ஹாரன் அடித்தது. அது கடந்து போகும் வரை தேவசிகாமணி கம்பத்தோடு ஒட்டி நின்றான். பிறகு ஒரு காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தான்.